வாஷிங்டன் உரையை நம் மாணவர்க்குப் பயிற்றுவித்தல்

(வெள்ளி விழாவினை ஒட்டி நடைபெற்ற கல்வி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு கல்விச் சங்கம் அரிக்கேன் விளக்குக் காலத்திலிருந்து இன்றுவரை அணையாமல் நின்றது எத்தகைய செயல் என்பதனை எடுத்துரைக்க என்னினும் தகுதியுடையோர் இம்மேடையில் பலர் உளர். எனக்கு இடப்பட்ட பணி வேறு. மாணவர்க்குக் குடிமை உரிமைகளை எவ்வாறு கற்பிப்பது என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அதனைப் பொதுப்படையாகப் பேசினால் பாதிப்பேர் உறங்கிவிடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு சொற்பொழிவினை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அது 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள், அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், ஆபிரகாம் லிங்கனின் நினைவு மண்டபப் படிக்கட்டில் நின்று மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை. ‘எனக்கொரு கனவு உண்டு’ என்னும் பெயரால் உலகம் அதனை அறியும்.

இவ்வுரையை நம் பிள்ளைகள் அறியாதவர்கள் அல்லர். பேச்சுப் போட்டி நடைபெறும் பள்ளிகளில் எல்லாம் ஆண்டுதோறும் ஒரு மாணவனோ மாணவியோ இதன் பிற்பகுதியை மனப்பாடமாக ஒப்பிக்கக் கேட்கின்றேன். குரல் உயர்கிறது, கை உயர்கிறது, கனவு, கனவு என்று அடுக்கிவரும்போது அரங்கில் கைதட்டல் எழுகிறது. பரிசாக எவர்சில்வர் கிண்ணமும் கிடைக்கிறது. மேடையிலிருந்து இறங்கிவந்த அப்பிள்ளையை அருகில் அழைத்து, “தம்பி, அவர் யாரிடம் சென்று என்ன கேட்டார்?” என்று வினவினேன். “எல்லாரும் எங்களிடம் அன்பு காட்டுங்கள் என்று கேட்டார் ஐயா” என்று விடை வந்தது. ஒரு பிள்ளை அன்று; பல பிள்ளைகள் இவ்வாறே விடை கூறினர். பிள்ளைகள் மீது குறையில்லை. நாம் கொடுத்த தாளில் பிற்பகுதி மட்டுமே இருந்தது.

அவர் அன்பை வேண்டி அங்கே செல்லவில்லை. கடனை வசூலிக்கச் சென்றார். இதுவே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

உரையின் முற்பகுதியை எடுத்துப் பாருங்கள். அமெரிக்கக் குடியரசினை நிறுவியோர் 1776-ஆம் ஆண்டின் விடுதலைச் சாற்றுரையிலும் பின்னர் அரசியலமைப்பிலும் எழுதி வைத்த சொற்களை அவர் ஒரு கடனுறுதிச் சீட்டு என்கிறார். அந்நாட்டில் பிறக்கும் ஒவ்வொருவர்க்கும் உயிர் வாழ்வும் விடுதலையும் உறுதி என்று கையொப்பமிட்ட சீட்டு அது. கறுப்பின மக்களைப் பொறுத்தவரை நாடு அந்தச் சீட்டின்படி செலுத்தத் தவறிவிட்டது என்றும், அவர்களுக்குக் கொடுத்த காசோலை கணக்கில் பணம் இல்லை எனத் திருப்பப்பட்டது என்றும், நீதியின் வங்கி நொடித்துப் போயிற்று என்பதைத் தாம் நம்ப மறுப்பதாகவும், அக்காசோலையை மாற்றிச் செல்லவே அனைவரும் தலைநகருக்கு வந்திருப்பதாகவும் அவர் கூறுகிறார்.

இதனை நகரத்துப் பிள்ளைக்கு விளக்குவதைவிட நம் தெருப் பிள்ளைக்கு விளக்குவது எளிது. புரோநோட்டு என்றால் என்னவென்று நம் தெருவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் அப்பாவோ தாத்தாவோ கைநாட்டு வைத்து, அசலும் வட்டியும் எவ்வளவு என்று வைத்தவருக்கே தெரியாமல் பெட்டியில் கிடக்கும் தாள் அது. அந்தத் தாளைக் காட்டித்தான் தலைமுறை தலைமுறையாக மாட்டுக்கொட்டிலிலும் வயலிலும் நம்மை நிறுத்தி வைத்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்த பின்னும் அத்தாளின் அச்சம் நீங்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே நம் பிள்ளையின் மனத்தில் புரோநோட்டு என்றவுடன் தோன்றும் வடிவம், கைகட்டி நிற்கும் கடனாளியின் வடிவம்.

இங்கேதான் ஆசிரியர் சற்று நிறுத்த வேண்டும். நிறுத்தி, “கிங்கின் உரையில் புரோநோட்டு யார் கையில் இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். சிறிது நேரம் அமைதி நிலவும். பின்பு ஒரு பிள்ளை சொல்லும்: “கறுப்பர்கள் கையில் இருக்கிறது.” கையொப்பமிட்டது யார்? அரசு. கடன்பட்டது யார்? அரசு. கதவைத் தட்டுபவன் கடனாளி அல்லன், கடன் கொடுத்தவன். இந்த ஒன்றினை ஒரு பிள்ளை தானே கண்டுகொள்ளுமாயின், குடிமை உரிமை என்பதற்கு வேறு இலக்கணம் சொல்லித்தர வேண்டிய தேவை இல்லை.

இந்தக் காசோலை உவமை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சுவையான செய்தி உண்டு. உரையின் முதல் வரைவினை உருவாக்க உதவியவர்களுள் ஒருவர் கிளாரன்சு ஜோன்ஸ் என்னும் வழக்கறிஞர். 1963-ஆம் ஆண்டின் இளவேனிலில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் போராடிச் சிறை சென்றவர்களைப் பிணையில் எடுக்கப் பெருந்தொகை தேவைப்பட்டது. நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர் 1,00,000 டாலர் தர முன்வந்தார். ஜோன்ஸ் வங்கிக்குச் சென்றபோது, கேட்டவுடன் திருப்பித் தருவதாக ஒரு கடனுறுதிச் சீட்டில் கையொப்பமிடச் சொன்னார்கள். வேறு வழியின்றி அவரும் கையொப்பமிட்டார். அந்தச் சீட்டின் நினைவே உரையின் வரைவில் அச்சொல்லை இடச் செய்தது என்று அவர் பிற்காலத்தில் எழுதிய நூலில் கூறியுள்ளார். சிறைப்பட்ட பிள்ளைகளை மீட்க எழுதிய புரோநோட்டிலிருந்து, நாடு தன் மக்களுக்கு எழுதிய புரோநோட்டு பிறந்தது.

‘பிள்ளைகளை’ என்று சொன்னேன். அது மிகையன்று. 1963 மே 2-ஆம் நாள் முதல் பர்மிங்காமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவ மாணவியர் அணியணியாகத் தெருவில் இறங்கினர். மறுநாள் காவல்துறை அவர்கள்மீது நாய்களை ஏவிற்று. தீயணைக்கும் குழாய்களால் நீரைப் பீய்ச்சி அடித்தது. அந்த நிழற்படங்கள் உலகெங்கும் சென்றன. நம் விடுதி மாணவர்களின் வயதுடையவர்களே அவர்கள். வாஷிங்டனில் கூடியோருள் சிலர் குறுகிய சிறை அறைகளிலிருந்து நேராக வந்தவர்கள் என்று கிங் குறிப்பிடும்போது, அவர் அலங்காரமாகப் பேசவில்லை என்பதனை இவ்வாறு காட்டுதல் வேண்டும்.

உரையில் வரும் இடப்பெயர்களையும் அவ்வாறே பார்க்க வேண்டும். மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பென்சில் கொடுத்து, உரையில் வரும் ஊர்ப்பெயர், மலைப்பெயர் யாவற்றையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா எனப் பல வரும். ஈற்றில் விடுதலையின் மணி எங்கெல்லாம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லிவரும்போது, ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையையும் அவர் கூறுகிறார். அழகான மலை என்பதற்காகவா? அம்மலையின் உச்சியில்தான் 1915-இல் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை நிறவெறிக் கூட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. கறுப்பின மக்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கூட்டம் அது. அந்த மலையிலிருந்து விடுதலை மணி ஒலிக்கட்டும் என்பது எத்தகைய சொல் என்று மாணவர் உணரட்டும். ஓர் ஊரில் எந்தக் குன்றில், எந்தத் தெருமுனையில், எந்தத் தேநீர்க் கடையில் என்ன நடந்தது என்று அறிந்தவன் பேசுகின்ற பேச்சுக்கும், பூகோளப் பாடத்தைப் பார்த்துப் பேசுகின்ற பேச்சுக்கும் உள்ள வேறுபாடு அது. அலபாமாவின் ஆளுநரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் வருகிறது. அவ்வாளுநர் ஜார்ஜ் வாலஸ், அதே ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், இரண்டு கறுப்பின மாணவர்கள் சேரவிருந்த பல்கலைக்கழகத்தின் வாயிலில் தாமே வழிமறித்து நின்றவர். பள்ளி வாயிலில் வழிமறித்தல் என்றால் என்னவென்று இங்குள்ள முதியோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உரையில் ‘நீக்ரோ’ என்னும் சொல் பலமுறை வருகிறது. அக்காலத்தில் அம்மக்கள் தம்மைத் தாமே மதிப்புடன் அழைத்துக்கொண்ட பெயர் அது. இன்று அதனை அவர்கள் விரும்புவதில்லை. இதனை மாணவர்க்கு முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. பெயர் மாற்றத்தின் வரலாறு நமக்கும் உண்டாதலால் எளிதில் புரிந்துகொள்வர்.

உரையில் மற்றொரு சொல்லின்மேல் ஆசிரியர் நெடுநேரம் நிற்க வேண்டும். அஃது ‘இப்பொழுது’ என்னும் சொல். படிப்படியாக மாறும், பொறுத்திருங்கள் என்று அறிவுரை கூறியோர்க்கு விடையாகவே கிங் அச்சொல்லை மீண்டும் மீண்டும் அடுக்கினார். அறிவுரை கூறியோர் அனைவரும் பகைவர் அல்லர். நண்பர்களும் சமயகுருமாரும் அவருள் இருந்தனர். கணக்கு என்னவென்று பாருங்கள். லிங்கனின் அடிமை விடுதலைச் சாற்றுரை நடைமுறைக்கு வந்தது 1863 சனவரி 1. அடிமைமுறை முற்றிலும் ஒழிக்கப்பட்டது 1865-இல். சட்டத்தின் சமமான காவல் 1868-இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870-இல் எழுதப்பட்டது. எழுதப்பட்டவை எல்லாம் எழுத்தாகவே கிடக்க, தென்மாநிலங்களில் வாக்கு வரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் ஏற்படுத்தி வாக்குச் சாவடிக் கதவை அடைத்தனர். 1896-இல் உச்சநீதிமன்றமே இன ஒதுக்கலைச் சரியென்றது. அதே நீதிமன்றம் பள்ளிகளில் ஒதுக்கல் தவறு என்று கூற 1954 ஆயிற்று. லிங்கனின் சிலைக்கு முன்னால் நின்று நூறாண்டுக் கணக்கினைத் திறந்து காட்டியவனை நோக்கி, இன்னும் பொறு என்று எவ்வாறு கூறுவது?

இனி, மேடைக்குப் பின்புறம். இதனைச் சொல்லாமல் உரையைக் கற்பித்தால், ஒரு பெரியவர் வந்தார், பேசினார், நாடு திருந்தியது என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். புராணம் கேட்டுப் பழகிய நமக்கு அந்த நம்பிக்கை விரைவில் வரும்.

அந்நாளின் முழுப்பெயர் ‘வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி’. வேலை என்னும் சொல் முதலில் நிற்கிறது. அப்பேரணியைக் கருதியவர் ஏ. பிலிப் ராண்டால்ப். அப்போது அவர்க்கு வயது 74. இரயில் உறக்கப் பெட்டிகளில் படுக்கை விரித்துப் பெட்டி சுமந்த கறுப்பினப் பணியாளர்களுக்கு 1925-இல் தொழிற்சங்கம் கண்டவர் அவர். அப்பணியாளர்களின் பெயரைப் பயணிகள் கேட்பதில்லை. கம்பெனி முதலாளியின் பெயரைக் கொண்டு ‘ஜார்ஜ்’ என்றே அனைவரையும் கூப்பிட்டார்கள். தந்தை வைத்த பெயர் ஊரார் வாயில் வராத நிலையை நம் பாட்டன்மாரும் அறிவர். அந்தத் தொழிலாளர்களின் தலைவர் 1941-இலேயே தலைநகருக்குப் பேரணி வருவோம் என்று அறிவித்தார். அவ்வறிவிப்புக்கே அஞ்சிய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், படைக்கலத் தொழிற்சாலைகளில் இன வேறுபாடு பார்க்கலாகாது என்று ஜூன் 25-ஆம் நாள் ஆணையிட்டார். பேரணி நிறுத்தி வைக்கப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அது நடைபெற்றது.

நடத்திக் காட்டியவர் பேயார்டு ரஸ்டின். ஏறக்குறைய எட்டு வார காலத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளுக்கும் தனி இரயில்களுக்கும் ஏற்பாடு செய்தார். குடிநீர், கழிப்பிடம், முதலுதவி, என்ன உணவு கொண்டுவர வேண்டும் என்பது வரை கையேடு அச்சிட்டு அனுப்பினார். நியூயார்க்கின் ஒரு தேவாலயத்தில் தொண்டர்கள் இரவெல்லாம் விழித்து ஏறக்குறைய 80,000 உணவுப் பொட்டலங்களைக் கட்டினர். கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் பேச்சு கேட்டால்தான் ஒழுங்கு நிற்கும் என்று சிறந்த ஒலிபெருக்கி வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். முதல்நாள் எவரோ அதனைச் சிதைத்துவிட, இராணுவத்தினர் வந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. மைக் செட்டு இல்லையேல் கனவும் இல்லை என்று நான் மாணவரிடம் சொல்வதுண்டு, அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் மக்கள் கூடி, அமைதி குலையாமல் கலைந்தார்கள் எனில், அதன் பின்னே எத்தனை பேருடைய கணக்குப் புத்தகமும் கால்நடையும் இருந்திருக்க வேண்டும்! சங்க வேலை செய்யும் நம் இளைஞர்கள் இப்பகுதியைக் கிங்கின் சொற்களுக்கு இணையாகப் படிக்க வேண்டும் என்பது என் துணிபு.

அங்கே வைக்கப்பட்ட கோரிக்கைகள் பத்து. முழுமையான குடிமை உரிமைச் சட்டம், அந்த ஆண்டிற்குள் பள்ளிகளில் ஒதுக்கல் நீக்கம், வேலையில்லாதோர்க்குப் பயிற்சியும் பணியும், வேலைவாய்ப்பில் பாகுபாட்டுக்குத் தடை என விரிகின்றன அவை. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2 டாலருக்குக் குறைந்தால் மனிதன் மானத்துடன் வாழ இயலாது என்றும் கூறப்பட்டது. அப்போது சட்டம் தந்தது 1 டாலர் 15 சென்டு. வயல் வேலை செய்வோரும் வீட்டு வேலை செய்வோரும் அந்தச் சட்டத்துக்கு உள்ளேயே வரவில்லை. தென்மாநிலக் கறுப்பின மக்களுள் மிகப்பலர் செய்தது அவ்விரண்டு வேலைகளையே. எழுதும்போதே யாரை வெளியே நிறுத்துவது என்று அறிந்து எழுதிய சட்டம். சட்டம் படிக்க விரும்பும் மாணவர்கள் இதனைக் குறித்துக் கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகள் ஒரு வினா எழுப்புவார்கள். எழுப்பவில்லையெனில் ஆசிரியரே எழுப்ப வேண்டும். அம்மேடையில் பெண்கள் எங்கே? முதன்மைப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை. அமைப்பாளருள் ஒருவராகிய அன்னா அர்னால்டு ஹெட்ஜ்மன் முன்னதாகவே இதனை எதிர்த்தார். டெய்சி பேட்சு என்னும் அம்மையார்க்குச் சில மணித்துளிகள் கிடைத்தன. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த அம்மையார் அவர். உரிமை கேட்ட மேடையும் எல்லார்க்கும் உரிமை தந்துவிடவில்லை.

பாடிய ஓர் அம்மையார் உண்டு: மகேலியா ஜாக்சன். கிங்கின் உரை ஏறக்குறைய பதினேழு நிமிடம். முதல்நாள் இரவு விடுதி அறையில் அமர்ந்து திருத்தித் திருத்தி எழுதிய தாளைப் பார்த்தே அவர் பெரும்பகுதி பேசினார். முடிவை நெருங்கும்போது அருகே அமர்ந்திருந்த மகேலியா, கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார் என உடனிருந்தோர் கூறியுள்ளனர். கிங் தாளை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். அக்கருத்து அவர்க்குப் புதிதன்று. 1962 நவம்பரில் வட கரோலினாவிலும், 1963 ஜூனில் டெட்ராய்ட்டிலும் கனவு என்று சொல்லிப் பேசியிருக்கிறார். ஆயினும் அன்றைய தாளில் கனவு இல்லை. இரவெல்லாம் விழித்து எழுதப்பட்ட பகுதி கடன் சீட்டுப் பகுதி. அதனை விட்டுவிட்டு, எழுதாமல் பேசிய பகுதியை மட்டும் நாம் ஒப்பித்து வருகின்றோம். கனவுப் பகுதி சிறந்ததே. கேட்டவர் கண்ணீர் விட்டனர். நானும் அதனைப் படிக்கும்போதெல்லாம் நெகிழ்பவனே. ஆயினும் வரவேண்டிய கடன் எவ்வளவு என்று தெரிந்தவனுக்குத்தான் அக்கனவு விளங்கும். அல்லாதவனுக்கு அது தாலாட்டு.

மாற்றுக் கருத்தையும் மாணவர் கேட்கட்டும். மால்கம் எக்சு அப்பேரணியை எள்ளி நகையாடினார். வெள்ளையரின் இசைவுடன் நடந்த திருவிழா என்றார். இருபத்து மூன்று வயது இளைஞர் ஜான் லூயிசின் உரை மிகக் கடுமையாக உள்ளது என்று கூறி, மேடைக்குப் பின்னால் மூத்தோர் அதனைத் திருத்த வைத்தனர். யார் கூறியது சரி என்று வகுப்பில் வாதிடச் சொல்லுங்கள். விடையை நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள்.

நம்மைத் தொடும் செய்திகள் இரண்டு இவ்வரலாற்றில் உள்ளன. பேரணிக்கு முதல்நாள், ஆகஸ்டு 27-இல், ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் டபிள்யூ. இ. பி. டூ போய்சு என்னும் பேரறிஞர் தம் 95-ஆம் வயதில் காலமானார். மறுநாள் மேடையில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. அந்த டூ போய்சுக்குத்தான் அண்ணல் அம்பேத்கர் 1946-இல் ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் இந்தியாவில் தீண்டத்தகாதவராக்கப்பட்டோர் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளை அனுப்பும்படி அவர் கேட்டிருந்தார். டூ போய்சு பரிவுடன் விடை எழுதினார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்ற அண்ணல், அம்மக்களின் வாழ்வை அறியாதவர் அல்லர்.

மற்றொன்று, கிங் 1959 பிப்ரவரி, மார்ச்சில் நம் நாட்டுக்கு வந்தது. திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளிக்குச் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் ஒருவர் என்று தலைமையாசிரியர் அவரை மாணவர்க்கு அறிமுகம் செய்தாராம். ஒரு கணம் தமக்குச் சுருக்கென்றது என்றும், பின்பு தம் நாட்டில் இரண்டு கோடிப் பேர் வாழும் வாழ்வை எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவனே என்று உணர்ந்ததாகவும் அவர் 1965 ஜூலை 4-இல் தம் தேவாலயப் பேருரையில் கூறினார். வாஷிங்டனில் கடன் சீட்டை நீட்டிய கை, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு நம்மவர் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு வணக்கம் செலுத்திய கை.

இவ்விடத்தில் மாணவர் தம் சீட்டையும் எடுத்துப் பார்க்கலாம். இந்திய அரசியலமைப்பின் 14, 15, 16, 17 ஆகிய நான்கு உறுப்புகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். கடை, பொதுக்கிணறு, குளம், சாலை எதிலும் எவரையும் தடுக்கலாகாது என்கிறது 15-ஆம் உறுப்பு. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது 17-ஆம் உறுப்பு. 1955-இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. ஒவ்வொன்றின் எதிரிலும், நம் ஊரில் இது செலுத்தப்பட்டதா, திருப்பப்பட்டதா என்று பிள்ளைகளே எழுதட்டும். ஓர் அலுவலகத்தில் உதவித்தொகைக்காக நம் மாணவி ஒருத்தி மூன்று நாள் படியில் உட்கார்ந்திருந்ததையும், உள்ளிருந்தவர் ‘சும்மா கொடுக்கிற பணத்துக்கு என்ன அவசரம்’ என்று கேட்டதையும் நான் அறிவேன். நான்காம் நாள் அவள் அந்த ஆணையின் எண்ணையும் நாளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், இத்தொகை எந்தத் தேதியில் வழங்கப்பட வேண்டும் என்று எழுத்தில் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, கனவு என்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பாடம் புரிந்திருந்தது.

அந்தக் காசோலை பணமாயிற்றா என்று மாணவர் கேட்பர். மறைக்காமல் சொல்ல வேண்டும். உரை நிகழ்ந்து பதினெட்டாம் நாள், செப்டம்பர் 15-ஆம் நாள் ஞாயிறன்று, பர்மிங்காமில் ஒரு தேவாலயத்தில் வெள்ளை நிறவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். மூவர்க்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று. கனவு உரையைக் கேட்ட நாடு அது. குடிமை உரிமைச் சட்டம் 1964 ஜூலை 2-இல் கையொப்பமாயிற்று. வாக்குரிமைச் சட்டம் அதற்கும் பின்னர், செல்மா நகரில் 1965 மார்ச் 7-இல் அமைதியாக நடந்தோர் தடியடிபட்ட பிறகு, ஆகஸ்டு 6-இல் வந்தது. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவாகியிருந்த கறுப்பின மக்கள் அதற்கு முன் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 1967-இல் ஏறக்குறைய 60 பேர். இவ்வளவு விரைவாக மாறக்கூடியது நூறாண்டு மாறாமல் இருந்தது. ஆயினும் 2013-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியமான ஒரு பிரிவைச் செயலிழக்கச் செய்தது. எந்தெந்தப் பகுதிகள் வாக்களிப்பு விதிகளை மாற்றுமுன் இசைவு பெற வேண்டும் என்று வரையறுத்த பிரிவு அது. பெற்ற கடனும் திரும்பப் பறிபோகலாம்.

இறுதியாக, கிங்கின் கடைசி ஊரைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுங்கள். 1968 பிப்ரவரி 1-ஆம் நாள், டென்னசி மாநில மெம்பிஸ் நகரில், மழைக்கு ஒதுங்க வேறிடம் இன்றிக் குப்பை வண்டிக்குள் நின்ற கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் இருவர் வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தனர். பன்னிரண்டாம் நாள் ஏறக்குறைய 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி அணிவகுத்தனர். அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற இடத்தில்தான் ஏப்ரல் 4-ஆம் நாள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர்க்கு வயது 39. ஏப்ரல் 16-இல் நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்று ஊதிய உயர்வுக்கும் இசைந்தது. வாஷிங்டன் உரையை ஒப்பிக்கும் பிள்ளைகளுள் மெம்பிஸ் என்னும் பெயரைக் கேட்டவர் அரியர். துப்புரவுப் பணியாளரின் பிள்ளைகள் பலர் அமர்ந்திருக்கும் இம்மன்றத்திலேனும் அந்நிலை மாற வேண்டும்.

உரையின் முற்பகுதியை எளிய தமிழில் பெயர்த்து, இடப்பெயர் விளக்கத்துடன் படியெடுத்துச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைத்துள்ளேன். மாலை வகுப்புகளில் முதலிரண்டு வாரம் அப்பகுதியையே படியுங்கள். கனவுப் பகுதி மூன்றாம் வாரத்திற்கு இருக்கட்டும். ஐயங்கள் எழுந்தால் எழுதுங்கள். இயன்றவரை விடை எழுதுகின்றேன்.